சவரன் மலையும் மாமாவோட மூணு புள்ளி தங்கமும்

போன ஜூலை ஸ்கூல் லீவுல மாமாவும் அத்தையும், அதாவது வீட்டுக்காரியோட அப்பா அம்மா, பெங்களூர்லேர்ந்து மெல்போர்ன் வந்திருந்தாங்க. ஊர்லேர்ந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஒரு லிஸ்ட் எல்லார் வீட்லயும் இருக்கும்ல, கிரேட் ஓஷன் ரோடு, பெங்குவின் பாக்க பிலிப் ஐலண்டு, சிட்டில டிராம்ல ஒரு ரவுண்டு, அதெல்லாம் முதல் பத்து நாள்லயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் மாமா ஹீட்டர் பக்கத்துல சேர போட்டு உக்காந்துகிட்டு வாட்சப் ஃபார்வர்டு படிக்க ஆரம்பிச்சிட்டார். இது சரிப்படாதுன்னு "பல்லாரட் போலாமா மாமா, 1850கள்ல தங்கம் எடுத்த பழைய ஊரு"ன்னு கேட்டேன். ஃபோன்லேர்ந்து தலைய தூக்காமலே "எங்க ஊரே பழைய தங்க ஊரு தான், அங்க இன்னா இருக்கப் போவுது மாப்ள"ன்னார்.

அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. மாமா பொறந்து வளந்ததெல்லாம் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப்ங்கிற சுரங்கத்துத் தொழிலாளிங்களோட லைன் வீடு. அவங்க அப்பா குடியாத்தம் பக்கத்துலேர்ந்து போய் முப்பது வருஷத்துக்கு மேல மைன்ஸுக்குள்ள இறங்கி வேலை பார்த்தவர். மாமா படிச்சு பேங்க் வேலைக்குப் போய் அப்படியே பெங்களூர்ல செட்டில் ஆயிட்டார். 2001 பிப்ரவரில மைன்ஸ இழுத்து மூடினதுக்கப்புறம் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போறதோட சரி. அப்படிப்பட்ட ஆள டிக்கெட் எடுத்து சுரங்கம் பாக்க கூப்புடுறது, திருப்பதிக்காரன கூப்ட்டு லட்டு காட்டுற மாதிரி தான். ஆனா அத்தைக்கு தங்கம்னு காதுல விழுந்ததுமே பை ரெடி ஆயிடுச்சு, அதனால சனிக்கிழமை காலைல கிளம்பிட்டோம்.

மெல்போர்ன்லேர்ந்து மேற்கால 115 கிலோமீட்டர் கிட்ட, ஒண்ணரை மணி நேரம். பாக்கஸ் மார்ஷ் தாண்டினதும் ரோடு மேல ஏற ஆரம்பிக்கும், ஏற ஏற குளிரும் ஏறும். பல்லாரட் குளிரப் பத்தி மெல்போர்ன்காரங்களே பயமுறுத்துவாங்க, நான் வழக்கம் போல நம்பல, காரை விட்டு இறங்கின முதல் நிமிஷத்துல நம்பிட்டேன். மாமா மங்கி குல்லா போட்டுட்டு வந்தப்போ வண்டில நானும் என் பொண்ணும் சிரிச்சோம், மதியம் ஆனதும் அதே குல்லாவ பொண்ணு தாத்தாகிட்ட கெஞ்சி வாங்கி போட்டுகிட்டா.

முதல்ல போனது சாவரின் ஹில். அந்தக் காலத்து தங்க வேட்டை ஊர அப்படியே திரும்ப கட்டி வச்சிருக்காங்க, 1970லேர்ந்து நடக்குது. மண் ரோடு, குதிரை வண்டி, கொல்லன் பட்டறை, மெழுகுவர்த்தி கடை, பாவாடை கவுனோட நடந்து போற பொம்பளைங்க, சிவப்பு கோட்டு சிப்பாய்ங்க துப்பாக்கிய வானத்த பாத்து சுடுறாங்க, அந்த சத்தத்துல அத்தை முருகான்னு கத்தினது சிப்பாய் வரிசைக்கே கேட்டிருக்கும். டிக்கெட் விலை கொஞ்சம் குத்தும், ஆனா நாள் பூரா உள்ள சுத்தலாம், சாப்பாடு கட்டிட்டுப் போனா இன்னும் நல்லது. நாங்க கட்டிட்டுப் போன புளிசாதம் கார் டிக்கில இருந்துச்சு, கார் எங்க நிக்குதுன்னு மூணு மணி வரைக்கும் யாருக்கும் ஞாபகம் வரல.

போர்ட பாத்துட்டு அத்தை கேட்டாங்க, "சாவரின்னா என்ன மாப்ள"ன்னு. இங்கிலாந்து தங்கக் காசு பேரு அத்தைன்னு சொல்லிகிட்டே இருக்கும்போது தான் எனக்கே பொறி தட்டுச்சு, நம்ம சவரன் அங்கேர்ந்து வந்தது தானே! அந்தக் காசு கிட்டத்தட்ட 8 கிராம், நம்ம சவரனும் 8 கிராம், பவுண்டு பவுன் ஆச்சு, சாவரின் சவரன் ஆச்சு. நகைக்கடை போர்டுல இத்தனை வருஷமா படிச்சும் ஒரு நாளும் தோணல. அந்த நிமிஷத்துலேர்ந்து அத்தைக்கு அது சவரன் மலை தான், திரும்பி வந்து பக்கத்து வீட்ல சொல்லும்போதும் அப்படியே தான் சொன்னாங்க.

சவரன் கணக்கு அதோட நிக்கல. 1858 ஜூன் மாசம் இந்த ஊர்ல பேக்கரி ஹில்ங்கிற இடத்துல வெல்கம் நகெட்னு ஒரு தங்கக் கட்டி கெடச்சுது, 69 கிலோ. உருக்கி சேத்தது இல்ல, மண்ணுக்குள்ள அப்படியே ஒரே கட்டியா. இங்கிலாந்துல கார்ன்வால்லேர்ந்து வந்த சுரங்கக்காரங்க 55 மீட்டர் ஆழத்துல தோண்டும்போது மாட்டிருக்கு. உள்ள ஒரு சுரங்கத்துல அந்தக் கதைய லைட் சவுண்டோட காட்டுறாங்க. நான் ஃபோன எடுக்குறதுக்குள்ள அத்தை மனசுலயே கணக்கு போட்டு "எட்டாயிரத்து அறுநூறு பவுனுக்கு மேல வருதுடி"ன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டாங்க. அந்தக் கட்டிய அடுத்த வருஷமே லண்டன்ல உருக்கி நாணயமா அடிச்சிட்டாங்கன்னு சொன்னதும் அவங்க மொகம் போன போக்க பாக்கணும், சொந்த வீட்டு நகைய அடகு கடைல முழுகவிட்ட மாதிரி.

மாமா கவனிச்சது வேற. "55 மீட்டரா? எங்க ஊர்ல கேஜ் இன்னும் வேகமே புடிச்சிருக்காது"ன்னார், கேஜ்னா ஆளுங்கள சுரங்கத்துக்குள்ள இறக்குற லிஃப்ட். சும்மா சொல்லல, சாம்பியன் ரீஃப் ஆழம் 3 கிலோமீட்டரத் தாண்டி 3,200 மீட்டர் கிட்ட. அடியில பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்கும், காத்த குளுமைப்படுத்தி மேலேர்ந்து கீழ அனுப்புவாங்க. பல்லாரட்ல தங்கம் மேலயே கெடந்ததுனால தான் 1851 ஆகஸ்டுல சேதி வெளிய வந்ததும் உலகமே ஓடி வந்துருச்சு. மம்மட்டி, தகரத் தட்டு, ஓடைத் தண்ணி, இது மூணும் இருந்தா போதும். விக்டோரியா மாநிலத்தோட ஜனத்தொகை 1851ல 77,000 சொச்சம், பத்தே வருஷத்துல 5,40,000 கிட்ட ஆயிடுச்சு. மேல இருந்தத வாரி முடிச்சதும் தான் ஆழத்துக்குப் போனாங்க, அதுவும் சுவாரஸ்யமான விஷயம், ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஓடின ஆறுங்க மேல எரிமலைக் குழம்பு வந்து மூடிடுச்சு, அந்த ஆத்துப் படுகை தங்கத்தோட அப்படியே கறுப்புப் பாறைக்கு அடியில மாட்டிகிச்சு, அத தேடித்தான் கிணறு கிணறா தோண்டினது. ஊருக்குப் பக்கத்துல இருக்குற பனினியாங் மலையே அணைஞ்சு போன எரிமலை தான்.

சுரங்கத்துக்குள்ள ஒரு சின்ன ரயில் மாதிரி வண்டில இறக்குவாங்க, நடுவுல லைட்ட அணைச்சிடுவாங்க, சுத்தமா இருட்டு. புள்ளைங்க எல்லாம் கூச்சல் போடுது, என் பொண்ணு என் கைய நசுக்கிட்டா. மாமா பக்கம் சத்தமே இல்ல. வெளிய வந்ததுக்கப்புறம் மெதுவா சொன்னார், அவங்க சின்ன வயசுல ராத்திரி தூங்கும்போது வீடு ஒரு குலுக்கு குலுக்கும், பாத்திரம் எல்லாம் உருளும், ராக் பர்ஸ்ட், கீழ பாறை அழுத்தம் தாங்காம வெடிக்குறது. பாத்திரம் விழுந்ததும் அவங்க அம்மா எழுந்து கதவ திறந்து நின்னுப்பாங்களாம், அப்பா ஷிஃப்ட்ல இருக்கார்னா விடியுற வரைக்கும் அப்படியே நிப்பாங்களாம். லைன்ல எல்லா கதவும் அதே மாதிரி திறந்திருக்குமாம். அத்தையே இத இப்போ தான் முதல் தடவ கேக்குறாங்கன்னு அவங்க மொகத்துல தெரிஞ்சுது.

பல்லாரட்லயும் அந்த பயம் பழங்கதை இல்ல, ஊருக்கு அடியில இன்னைக்கு காலத்துலயும் சுரங்க வேலை நடந்திருக்கு, 2024 மார்ச்ல பாறை சரிஞ்சு ஒருத்தர் செத்துப் போனார், நியூஸ்ல ரெண்டு நாள் அதே தான் ஓடுச்சு.

அப்புறம் தங்கம் உருக்குற ஷோ. ஆயிரத்து சொச்சம் டிகிரில உருகி ஆரஞ்சு கலர்ல தண்ணி மாதிரி ஊத்துறத பாக்கும்போது வாய மூட மறந்துட்டோம். தினமும் அதே கட்டிய தான் திரும்பத் திரும்ப உருக்குறாங்களாம். சேதாரம் எவ்ளோ போடுவாங்கன்னு அத்தை கேட்டாங்க, அத இங்கிலீஷ்ல கேக்கச் சொல்லி என்னைய வேற இடிச்சாங்க, நான் காது கேக்காத மாதிரி நின்னுட்டேன்.

ஆனா நாள் பூராத்துலயும் பெரிய விஷயம் ஓடை தான். சாவரின் ஹில் நடுவுல ஒரு சின்ன ஓடை ஓடுது, இரும்புத் தட்டும் மம்மட்டியும் வச்சிருக்காங்க, யார் வேணா மண்ண அள்ளி சலிக்கலாம், உண்மையான தங்கத்தூள மண்ணுல கலந்து விட்டிருப்பாங்க, கெடச்சா நமக்கு தான். சலிக்குறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, தட்ட தண்ணிக்குள்ள வச்சு நல்லா குலுக்கணும், தங்கம் வெயிட் ஜாஸ்தி, அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் தட்ட சாய்ச்சு மேல் மண்ண கொஞ்சம் கொஞ்சமா தண்ணியோட வழிய விடணும். நம்ம ஊர்ல முறத்துல அரிசி புடைக்குறது, களைஞ்சு கல் எடுக்குறது மாதிரி தான். அதனாலயோ என்னவோ அத்தை பத்து நிமிஷத்துல ஒரு புள்ளி எடுத்துட்டாங்க. நான் அரை மணி நேரம் சலிச்சு எனக்கு கெடச்சது மைக்கா, அது மினுக்குறத பாத்துட்டு நான் துள்ளினத வீட்டுக்காரி வீடியோ எடுத்து வச்சிருக்கா.

மாமா முதல்ல கரையில கை கட்டிகிட்டு தான் நின்னார். பேத்தி வந்து இழுத்ததும் தான் குந்தி உக்காந்தார். தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு, வயசு எழுபத்தி ரெண்டு, ஸ்வெட்டர் கைய மடிச்சு விட்டுகிட்டு மனுஷன் எந்திரிக்கவே இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல. நாங்க போய் ராஸ்பெரி மிட்டாய் வாங்கி சாப்ட்டு வந்தோம், அப்பவும் அங்கயே. கடைசில "மாப்ள, இங்க வா"ன்னு கூப்ட்டார், தட்டோட ஓரத்துல கறுப்பு மண்ணுக்கு நடுவுல மூணு புள்ளி, ஊசி முனை அளவு, வெயில்ல திருப்பினா மஞ்சளா மின்னுது. சின்ன கண்ணாடிக் குப்பில தண்ணிய ஊத்தி விரல் நுனில ஒத்தி ஒத்தி உள்ள போட்டோம். அப்போ தான் சொன்னார், அவங்க அப்பா அத்தனை வருஷம் உள்ள இறங்கியும் தங்கம்னு ஒண்ண மைன்ஸ்ல கண்ணால பார்த்ததே இல்லையாம். கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம தான் இருக்கும், வெட்டி மேல அனுப்புறதோட அவங்க வேலை முடிஞ்சுது, அரைக்குறது, பாதரசம் சயனைடு போட்டு பிரிக்குறது எல்லாம் வேற இடம், வேற ஆளுங்க, கேட்டுல செக்கிங் வேற. "எங்கப்பா தங்கத்த பாத்தது எங்கம்மா தாலில தான்"னார். அத்தை உடனே குப்பிய வாங்கிப் பாத்துட்டு "இத வச்சு ஒரு மூக்குத்தி திருகாணி கூட பண்ண முடியாது"ன்னாங்க. அவங்க அப்படித்தான், தொண்டை அடைச்சா கிண்டல் பண்ணுவாங்க.

உள்ள சீனக்காரங்க முகாமும் ஒரு கோயிலும் இருக்கு, கூட்டம் அந்தப் பக்கம் அவ்ளோவா வரல, நீங்க போனா விட்றாதீங்க. 1855ல விக்டோரியா அரசாங்கம் கப்பல்ல வர்ற ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டுச்சு, மத்தவங்களுக்கு கெடையாது. அவங்க என்ன பண்ணாங்கன்னா பக்கத்து மாநிலத்துல ரோப்ங்கிற சின்ன துறைமுகத்துல இறங்கி, அங்கேர்ந்து தங்க ஊருங்களுக்கு நடந்தே வந்தாங்க, 400 கிலோமீட்டருக்கு மேல, காவடி மாதிரி தோள்ல சுமைய கட்டிகிட்டு. 1857 ஒரே வருஷத்துல பல ஆயிரம் பேர் அப்படி நடந்திருக்காங்க.

ராத்திரி ஊருக்குள்ள ஒரு மோட்டல்ல தங்கினோம், பேரு வேணாம், ஹீட்டர் சத்தம் மட்டும் வந்துச்சு சூடு வரல.

ஞாயித்துக்கிழமை காலைல யுரேகா சென்டர். இதுக்கு கொஞ்சம் முன்கதை வேணும். தங்கம் தோண்டணும்னா லைசென்ஸ், ஆரம்பத்துல மாசம் 30 ஷில்லிங், தங்கம் கெடச்சாலும் கெடைக்காட்டியும் கட்டணும், அந்தக் காகிதம் எந்நேரமும் கைல இருக்கணும், போலீஸ் திடீர்னு வேட்டைக்கு வரும், இல்லாதவன சங்கிலில கட்டி வைக்கும். ஓட்டுரிமையும் கெடையாது. 1854 நவம்பர்ல பொறுமை போயி லைசென்ஸ கொளுத்திட்டாங்க, பீட்டர் லேலர்ங்கிற அயர்லாந்துக்காரர் தலைமையில சொந்தக் கொடி ஏத்தி அது மேல சத்தியம் பண்ணி, மரக்கட்டைய அடுக்கி ஒரு தடுப்பு கட்டி உள்ள உக்காந்தாங்க. டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பாதிப்பேர் இல்லாத நேரமா பாத்து பட்டாளம் பாய்ஞ்சுது, கால் மணி நேரம் மாதிரி தான், தோண்டுறவங்க பக்கம் குறைஞ்சது 22 பேர் செத்தாங்க. லேலருக்கு ஒரு கை போச்சு. அப்புறம் 13 பேர் மேல ராஜதுரோக வழக்கு போட்டாங்க, ஒருத்தருக்கும் தண்டனை கெடைக்கல, ஜூரி எல்லாரையும் விட்டுருச்சு. லைசென்ஸ் போயி வருஷம் 1 பவுண்டுக்கு மைனர்ஸ் ரைட்னு ஒரு சீட்டு வந்துச்சு, ஓட்டும் அதோட சேந்து வந்துச்சு. தலைமறைவா இருந்த லேலர் அடுத்த வருஷமே சட்டமன்றத்துல உக்காந்தார், 1880ல சபாநாயகரும் ஆயிட்டார். அந்த மைனர்ஸ் ரைட் இன்னைக்கும் விக்டோரியால அதே பேர்ல இருக்கு, ஒரு தடவ வாங்கினா பத்து வருஷம் செல்லும், அத வச்சுகிட்டு வீக் எண்ட்ல டிடெக்டர் தூக்கிட்டு காட்ல சுத்துறவங்க நிறைய பேர், என் ஆபீஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

அந்த அசல் கொடிய தான் யுரேகா சென்டர்ல ஒரு இருட்டு ரூம்ல மங்கின வெளிச்சத்துல வச்சிருக்காங்க. நீலத் துணி, வெள்ளை சிலுவை, அஞ்சு நட்சத்திரம். பெருசு. ஆனா நிறைய இடத்துல துணியே இல்ல, ஞாபகத்துக்குன்னு ஆளாளுக்கு வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாமா அந்த ரூம்ல ரொம்ப நேரம் உக்காந்தார். கோலார்ல 1930ல தொழிலாளிங்க எல்லாரும் கைரேகை வைக்கணும்னு ரூல் வந்தப்போ திருடனுக்கு எடுக்குற மாதிரி எங்களுக்கும் எடுப்பியான்னு மொத்த மைன்ஸும் ஸ்டிரைக் பண்ணிருக்காங்க, அவங்க தாத்தா காலத்து சேதி. "அங்க கொடி கிடி இன்னாத்த வச்சாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சார்.

அதுக்கப்புறம் வெண்டூரி ஏரி. 1956 ஒலிம்பிக்ஸ்ல படகுப் போட்டி இங்க தான் நடந்துச்சு, அதே ஏரி 2006 வாக்குல பஞ்சத்துல சுத்தமா வத்திப் போச்சாம், இப்போ தண்ணி தளும்புது, கறுப்பு அன்னம் கூட்டமா வந்து பொண்ணு கைல இருந்த பிஸ்கெட்டுக்கு குறி வச்சுது. பக்கத்துலயே பொட்டானிக்கல் கார்டன், வரிசையா பிரதமர்ங்க தலை வெண்கலத்துல. பிரதமர்ங்கள எனக்கு பாதி பேருக்கு மேல தெரியாது, வேகமா நடந்துட்டோம். லிடியார்ட் தெருவுல தங்கக் காசுல கட்டின பழைய கட்டடம் எல்லாம் அப்படியே நிக்குது, தியேட்டர் 1875ல கட்டினது, ஒரு காபியோட அந்தத் தெருவ நடந்தா போதும்.

திரும்பும்போது நேரா வராம வடக்கால கிரெஸ்விக் வழியா சுத்திகிட்டு ஹெப்பர்ன் ஸ்பிரிங்ஸ் போனோம். கிரெஸ்விக்ல 1882 டிசம்பர்ல நியூ ஆஸ்ட்ரலேசியன்ங்கிற சுரங்கத்துல பக்கத்து பழைய சுரங்கத்துத் தண்ணி உடைச்சுகிட்டு வந்து 27 பேர் மாட்டிகிட்டாங்க, 5 பேர் தான் உயிரோட வந்தாங்க. உள்ள தண்ணி ஏற ஏற டீ போடுற தகர டப்பால வீட்டுக்கு ரெண்டு வரி கீறி வச்சிட்டு செத்திருக்காங்க. ஆஸ்திரேலியா தங்கச் சுரங்கத்துலயே இதவிட பெரிய சாவு கெடையாது. நான் வண்டிய ஓரம் கட்டி இத ஃபோன்ல படிச்சு காட்டினேன், மாமா "சரி, வண்டிய எடு"ன்னார்.

ஹெப்பர்ன்ல தரையிலேர்ந்து சோடா மாதிரி தண்ணி வருது, பம்ப் அடிச்சு ஃப்ரீயா புடிச்சுக்கலாம், ஒவ்வொரு ஊத்துக்கும் ஒவ்வொரு ருசி. உடம்புக்கு நல்லதுன்னு நான் ரெண்டு மடக்கு குடிச்சேன். அத்தை ஒரு வாய் வச்சுட்டு "துரு புடிச்ச சோடா"ன்னு துப்பிட்டாங்க, அந்தக் காலத்துல ஜனங்க இதுக்குன்னே ரயிலேறி வந்திருக்காங்கன்னு சொன்னேன், வந்தவங்க எல்லாம் துப்பிட்டு தான் போயிருப்பாங்கன்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்து சேரும்போது ராத்திரி எட்டு மணி. மாமா ஷூவ கூட கழட்டல, மூக்குக் கண்ணாடி டப்பாவுக்குள்ள கைக்குட்டைல சுத்தி வச்சிருந்த குப்பிய எடுத்தார், தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைல இருக்குற அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். "அண்ணா, தங்கம் எடுத்துட்டேன் பாரு." "எங்கடா, தண்ணி தான் தெரியுது." "நல்லா பாரு, அடியில." "குப்பிய ஆட்டாதடா, ஆட்டினா எப்படி தெரியும்." கேமரா கிட்ட கொண்டு போனா எல்லாம் மங்கிடுது, தள்ளி வச்சா புள்ளி தெரியல, பேத்தி வந்து டார்ச் அடிச்சா, குப்பி முழுக்க ஒரே வெள்ளையா ஆயிடுச்சு, அந்தப் பக்கம் பெரியப்பா கண்ணாடிய மாத்திட்டு வரேன்னு போனார், இவர் குப்பிய தூக்கி புடிச்ச கை புடிச்சபடியே நிக்குறார்.